நடக்க முடியாதவருக்காகப் பிறந்த கடை

1984ஆம் ஆண்டு மே மாதம். இங்கிலாந்தின் வடகிழக்கில், டைன் ஆற்றங்கரையில் கேட்ஸ்ஹெட் என்றொரு தொழில் நகரம். அங்கே ஜேன் ஸ்னோபால் என்ற 72 வயது அம்மையார் இடுப்பெலும்பு முறிந்து வீட்டோடு முடங்கியிருந்தார். ஒருநாள் உட்கார்ந்த இடத்தை விட்டு எழாமல், தொலைக்காட்சியின் ரிமோட்டை எடுத்துப் பொத்தானை அழுத்தினார். திரையில் மளிகைச் சாமான்களின் பட்டியல் எழுத்தெழுத்தாக வந்தது. மார்ஜரின், கார்ன்ஃபிளேக்ஸ், முட்டை ஆகிய மூன்றையும் தேர்ந்தெடுத்தார். ஊரிலிருந்த டெஸ்கோ கடைக்குத் தொலைபேசிக் கம்பி வழியே அந்தப் பட்டியல் போனது. சாமான் வாசலுக்கு வந்தது. கொண்டுவந்தவர் கையில் அம்மையார் ரொக்கமாகக் காசை எண்ணிக் கொடுத்தார்.

வீட்டிலிருந்தபடி கணினி வழியாகச் சாமான் வாங்கிய முதல் ஆள் என்று அவரைத்தான் குறிப்பிடுகிறார்கள். ஷோப்பி, லசாடா, டிக்டாக் ஷாப் என்று இன்று நம் கைப்பேசியில் உட்கார்ந்திருக்கும் அத்தனைக்கும் முன்னோடி அந்த மூன்று சாமான். கடைக்குப் போய் வாங்குவது நல்லதா, இயங்கலையில் வாங்குவது நல்லதா என்று பினாங்கில் நம் பாலிக் புலாவ் வீடுகளில் மாமியாரும் மருமகளும், அப்பாவும் மகனும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். இந்தப் பிறந்த கதையை யாரும் அந்த வாதத்தில் எடுப்பதில்லை. எடுத்தால் வாதம் வேறு திசையில் போகும் என்று நம்புகிறேன்.

ஜேன் அம்மையார் சாமான் வாங்கியதற்கு ஐந்து ஆண்டு முன்னால், 1979ல், மைக்கேல் ஆல்ட்ரிச் என்பவருக்கு இந்த யோசனை வந்தது. அவர் ரெடிஃபான் என்ற கணினி நிறுவனத்தில் பொறுப்பிலிருந்தவர். மனைவியோடும் நாயோடும் உலாவப் போனபோது, வாரந்தோறும் பேரங்காடிக்குப் போய்வரும் அலுப்பைப் பற்றிப் பேச்சு வந்ததாம். வீட்டில் தொலைக்காட்சி இருக்கிறது, தொலைபேசி இருக்கிறது, கடையில் கணினி இருக்கிறது. மூன்றையும் சேர்த்துக் கட்டினால் என்ன? சாதாரண வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியில் சிறு மாற்றம் செய்து, வீட்டுத் தொலைபேசிக் கம்பி வழியாக, வரவு செலவைப் பதியும் கணினியோடு அதை இணைத்தார். திரையில் செய்தி படிக்கும் வசதி அப்போது பிரிட்டனில் ஏற்கெனவே வந்திருந்தது. படிக்கிறவர் அதே திரையில் ஒரு பொருளைக் கேட்கவும், அந்தக் கேட்பு உடனே கணக்கில் ஏறவும் வழி செய்ததுதான் ஆல்ட்ரிச்சின் புதுமை.

ஆனால் வீடுகள் அதை வாங்கவில்லை. வாங்கியவை நிறுவனங்கள். 1981ல் தாம்சன் ஹாலிடேஸ் என்ற சுற்றுலா நிறுவனம் பயண முகவர்களிடமிருந்து முன்பதிவு எடுக்க அந்த முறையைப் பயன்படுத்தியது. பிறகு கார் கம்பெனிகள் வந்தன. அடுக்களைக்கு வருவதற்கு ஒரு நகராட்சி தேவைப்பட்டது. கேட்ஸ்ஹெட் நகராட்சி, வெளியே போக முடியாத முதியவர்களுக்கும் உடல் முடியாதவர்களுக்கும் உதவ ஒரு சேவையைத் தொடங்கியபோதுதான் ஆல்ட்ரிச்சின் கருவி ஜேன் ஸ்னோபாலின் வரவேற்பறைக்கு வந்து சேர்ந்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். சாமான் வந்தது கடல் தாண்டிய கிடங்கிலிருந்து அல்ல. அதே ஊர்க் கடையிலிருந்து. காசு போனது முகம் தெரியாத கணக்குக்கு அல்ல. எதிரே நிற்கும் ஆளின் கைக்கு. கடைக்கு வர முடியாத ஒருவரின் வாசல்வரை கடை தன் கையை நீட்டியது, அவ்வளவுதான். இயங்கலைக் கடை பிறந்த நாளில் அதற்கும் ஊர்க் கடைக்கும் பகை இருக்கவில்லை. ஊர்க் கடை இல்லாமல் அது பிறந்தே இருக்காது.

பாலிக் புலாவ்காரர்களுக்கு இந்த ஏற்பாடு புரியாத ஒன்றல்ல. பினாங்குத் தீவின் கிழக்குக் கரையில் ஜார்ஜ் டவுன், மேற்குப் பக்கம் நாம், நடுவே மலை. பாயா தெருபோங்கிலிருந்து துன் சார்டோன் சாலையில் வளைந்து வளைந்து ஏறி இறங்க வேண்டும். இல்லையென்றால் தெற்கே தெலுக் கும்பார் வழி, அல்லது வடக்கே தெலுக் பகாங்கிலிருந்து தீத்தி கெராவாங்கைத் தாண்டிச் சுற்றி வர வேண்டும். அடைமழையில் மலைச்சாலையில் மண் சரிந்தால் அந்தப் பயணமும் நின்றுபோகும். கோ சியாங் தாட் 1882ல் கொடையளித்த நீரூற்று இன்றும் நிற்கும் அந்த ரவுண்டானாவைச் சுற்றித்தான் ஊரின் கடைகள் வளர்ந்தன. வண்டி வைத்திருப்பவருக்கு டவுன் பக்கம். வண்டி இல்லாத மூதாட்டிக்கு அது அரை நாள் வேலை.

அதனால் கடைகள் நம்மைத் தேடி வந்தன. ரொட்டிக்காரர் மோட்டார் சைக்கிளில் ஹார்ன் அடித்துக்கொண்டு கம்பத்துக்குள் நுழைவார். பின்னால் தொங்கும் பைகளில் ரொட்டி, பன், கச்சான், பிள்ளைகளுக்கு மிட்டாய். மீன்காரர் வருவார். துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு சேலைக்காரர் வருவார். திண்ணையில் விரித்துவிட்டு, பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள், சம்பளம் போட்டதும் பார்த்துக்கொள்ளலாம் என்பார். மளிகைக் கடைக்குப் பையனிடம் துண்டுச் சீட்டு கொடுத்தனுப்பினால் அரிசியும் பருப்பும் சைக்கிளில் வீட்டுக்கு வரும். கணக்கு 555 நோட்டில் ஏறும். மலேசியாவில் வளர்ந்த யாருக்கும் அந்தக் கையடக்க நோட்டு தெரியும்: கடையில் ஒன்று, வீட்டில் ஒன்று, மாதக் கடைசியில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். ஜேன் அம்மையார் 1984ல் ரிமோட்டில் செய்ததை நம் பாட்டிகள் அதற்கு வெகுகாலம் முன்பே துண்டுச் சீட்டில் செய்துகொண்டிருந்தார்கள். ஆல்ட்ரிச்சின் பெருமையைக் குறைக்க இதைச் சொல்லவில்லை. அவர் கருவி எந்தத் தேவைக்காக வந்ததோ, அந்தத் தேவையை நம் ஊர் நன்றாக அறிந்திருந்தது என்கிறேன்.

பிறகு எங்கே பிரிந்தது? காசு கைமாறும் இடம் மாறியபோது பிரிந்தது.

1994 ஆகஸ்ட் 11. அமெரிக்காவில் நெட்மார்க்கெட் என்ற சிறு நிறுவனத்தை நடத்திய டான் கோன் என்ற 21 வயது இளைஞர், ஸ்டிங் என்ற பாடகரின் இசைத் தட்டு ஒன்றை இணையத்தில் விற்றார். விலை 12.48 டாலர், அஞ்சல் செலவு தனி. வாங்கியவரின் கடனட்டை எண் குறியாக்கம் செய்யப்பட்டுப் போனது. இடையில் யார் பார்த்தாலும் படிக்க முடியாது. மறுநாள் நியூயார்க் டைம்ஸ் அதைச் செய்தியாக்கியது. வாங்கியவர் யார் தெரியுமா? கோனின் நண்பர். முன்பின் தெரியாதவருக்கும் பணம் அனுப்பலாம் என்று உலகுக்குக் காட்டிய முதல் வியாபாரமே தெரிந்தவர்களுக்கு இடையில்தான் நடந்தது. நம்பிக்கையை இயந்திரத்திடம் ஒப்படைக்கும் முன் மனிதர்கள் ஒருமுறை நட்பில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இது.

அடுத்த ஆண்டு, 1995 ஜூலையில், ஜெஃப் பெசோஸ் அமேசானைத் திறந்தார். அவர் முதலில் விற்கப் புத்தகத்தைத் தேர்ந்தெடுத்ததில் கணக்கு இருந்தது. எந்தக் கட்டடத்திலும் அடுக்கி வைக்க முடியாத அளவு தலைப்புகள் புத்தகத்தில் உண்டு. அதோடு, ஒரு புத்தகம் எங்கே வாங்கினாலும் அதே புத்தகம்தான். தட்டிப் பார்க்க வேண்டாம், முகர வேண்டாம், பழுத்திருக்கிறதா என்று அழுத்த வேண்டாம். அங்கேதான் கடை கைவிடப்பட்டது. அதுவரை கடையின் கையாக இருந்த இயங்கலை வியாபாரம், அப்போது கடை இல்லாமலே நடக்கத் தொடங்கியது.

மலேசியாவுக்கு அது கட்டம் கட்டமாக வந்தது. தொண்ணூறுகளில் மிமோஸ் நிறுவனத்தின் ஜாரிங் இணைய இணைப்பு, அந்தப் பத்தாண்டின் கடைசியில் லெலோங் தளம், 2007ல் முடா, 2012ல் லசாடா, 2015ல் ஷோப்பி. கடனட்டை இல்லாத வீடுகளுக்காக லசாடா, பொருள் கைக்கு வந்தபின் காசு கொடுக்கும் முறையை வைத்தது. கேட்ஸ்ஹெட்டில் நடந்ததே மறுபடி நடந்தது. பார்க்காத கடையை நம்பாதவர்கள்கூட, வாசலில் வந்து நிற்கும் ஆளை நம்பினார்கள்.

2020 மார்ச் 18ஆம் தேதி, கோவிட் தொற்றால் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. வீட்டுக்கு ஒருவர் மட்டும், பத்துக் கிலோமீட்டர் வட்டத்துக்குள் மட்டும் போய் வாங்கலாம் என்றார்கள். நாடே ஜேன் ஸ்னோபால் ஆனது. நடக்கத் தெரிந்தவர்களும் நடக்க முடியாதவர்களாக உட்கார்ந்திருந்தோம். பாலிக் புலாவுக்கு அது இன்னொரு வகையிலும் வலித்தது. அடுத்த சில வாரங்களில் டுரியான் பருவம்.

டுரியானைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இயங்கலையில் விற்கவே முடியாத பொருள் ஒன்று உண்டென்றால் அது இதுதான் என்று நாம் எல்லோரும் நினைத்திருந்தோம். மரத்திலிருந்து தானாக விழுந்த பழத்தை அன்றைக்கே தின்பது பினாங்கின் வழக்கம். ஆங் ஹே, ஹோர் லோர், குன் போ என்று ஊர்ப் பெயர்களைச் சொல்லிக் கேட்டு, காம்பைப் பார்த்து, காதருகே ஆட்டிப் பார்த்து, முகர்ந்து எடுப்பார்கள். கடைக்காரர் கத்தியால் ஓரத்தைப் பிளந்து காட்டுவார். சுளை சரியில்லையென்றால் அந்தப் பழத்தை ஓரமாகத் தள்ளிவிட்டு இன்னொன்றை வெட்டுவார். இதற்கெல்லாம் ஆள் நேரே வர வேண்டும். ஜார்ஜ் டவுனிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் ஆட்கள் மலையேறி வருவதே அதற்குத்தான்.

அந்த ஆண்டு ஆட்கள் வரவில்லை. பழம் மட்டும் விழுந்துகொண்டிருந்தது. தோட்டக்காரர்கள் வாட்ஸ்அப்பிலும் முகநூலிலும் ஆர்டர் எடுக்கத் தொடங்கினார்கள். சுளையைப் பிரித்துப் பெட்டியில் அடைத்து, காற்றை உறிஞ்சிக் கட்டி, வீடுவீடாகச் சேர்த்தார்கள். முகராமல் வாங்கியவர்கள் எதை நம்பினார்கள்? தோட்டத்தின் பெயரை. சென்ற ஆண்டு நேரில் வந்து தின்றபோது கெட்ட பழத்துக்கு மாற்றுப் பழம் கொடுத்த அந்த மனிதரை. பல ஆண்டுகளாகத் தோட்டத்து மேசையில் சேர்த்த நம்பிக்கைதான் பெட்டிக்குள் போய் விற்றது. நேரில் சம்பாதித்த பெயர் இல்லாதவர் விற்ற பெட்டியும் இவர் விற்ற பெட்டியும் திரையில் ஒரே மாதிரிதான் தெரியும். வாங்கியவர் நாக்குக்கு வித்தியாசம் தெரியும். கடையா இயங்கலையா என்ற கேள்விக்கு எனக்குக் கிடைத்த மிகத் தெளிவான பதில் டுரியானிடமிருந்து வந்தது: கடை முதலில், கைப்பேசி அதன் பிறகு.

நெட்மார்க்கெட் இசைத் தட்டு விற்ற அதே 1994ல் இன்னொன்றும் பிறந்தது. ஜப்பானில் டென்சோ நிறுவனத்தின் மசாஹிரோ ஹாராவும் அவர் குழுவும், கார் உதிரி பாகங்களைக் கணக்கெடுக்க க்யூஆர் குறியை உருவாக்கினார்கள். குறியாக்கம் செய்த கடனட்டை எண் வாங்குபவரைக் கடையிலிருந்து பிரித்துக் கொண்டுபோனது. அதே ஆண்டில் பிறந்த கறுப்பு வெள்ளைக் கட்டம், கால் நூற்றாண்டு கழித்து அவரைக் கைப்பேசியோடு கடைக்குத் திரும்பக் கொண்டுவந்தது. 2020 ஜனவரியில் இ-துனாய் ராக்யாட் திட்டத்தில் அரசாங்கம் ஆளுக்கு 30 ரிங்கிட்டை மின்பணப்பையில் போட்டபோது பலர் முதன்முறை அதைப் பயன்படுத்தினார்கள். இன்று சந்தையில் கீரை விற்கும் அக்காள் மேசையிலும் டுயிட்நவ் க்யூஆர் அட்டை நிற்கிறது. கீரையைக் கையில் எடுத்துப் பார்க்கிறோம், விலை பேசுகிறோம், காசு மட்டும் காற்றில் போகிறது. கருவி பழைய கடையோடு சமாதானமாகிவிட்டது. சண்டை நம் பேச்சில் மட்டும்தான் மிச்சமிருக்கிறது.

சமாதானம் ஆகாத இடங்களும் உண்டு. அவற்றை மறைக்கக் கூடாது. தெருவில் கடை வைத்திருப்பவர் வாடகை கட்டுகிறார், மாநகராட்சி உரிமம் எடுக்கிறார், வேலையாளுக்குச் சம்பளம் தருகிறார். வெளிநாட்டிலிருந்து நேரே பார்சல் அனுப்புபவருக்கு இந்தச் சுமை எதுவும் இங்கே இல்லை. 500 ரிங்கிட்டுக்கு உட்பட்ட இறக்குமதிப் பொருள் இயங்கலையில் விற்கப்பட்டால் 10 விழுக்காடு விற்பனை வரி என்று 2024 ஜனவரி 1 முதல் அரசாங்கம் விதித்திருப்பது இந்த ஏற்றத்தாழ்வைக் கொஞ்சம் சரிக்கட்டத்தான். போதுமா என்றால், போதாது.

கடன் இன்னொரு இடம். இன்று வாங்கு, பிறகு செலுத்து என்று செயலிகள் அழைக்கின்றன. 555 நோட்டும் கடன்தானே என்று கேட்கலாம். அந்த நோட்டை எழுதியவருக்கு நம் வீட்டுச் சம்பளம் தெரியும். கணக்கு ஏறிக்கொண்டே போனால், இந்த மாதம் போதும் அக்கா என்று அவரே நிறுத்துவார். நிறுத்தாவிட்டால் முதலில் நட்டப்படுவதும் அவர்தான். செயலி தவணையை ஒழுங்காகக் கட்டுபவருக்கு வரம்பை உயர்த்திக்கொண்டு போகிறது. ஒருமுறை தவறினால் தாமதக் கட்டணம் போடுகிறது. 2025ல் நாடாளுமன்றம் பயனீட்டாளர் கடன் சட்டத்தை நிறைவேற்றி இந்தச் சேவைகளையும் கண்காணிப்புக்குள் கொண்டுவர வேண்டியதாயிற்று.

தீபாவளிச் சேலை விஷயத்தில் நான் உறுதியாகக் கடையின் பக்கம். லெபோ பாசாரில் துணியை விரித்துப் போட்டு, வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் நிறம் பார்த்து, அம்மா தோளில் வைத்துப் பார்த்து வாங்கிவிட்டு, அப்படியே 1833 முதல் நிற்கும் குயின் ஸ்திரீட் மகா மாரியம்மன் கோயிலில் ஒரு கும்பிடு போட்டு வரும் அந்த நாளை எந்தத் திரையும் தராது. ஆனாலும் வீட்டிலிருந்து முகநூலில் லைவ் போட்டுச் சேலையும் முறுக்கும் விற்கும் நம் பெண்களை இதற்காகக் குறை சொல்ல மாட்டேன். கடை பிடிக்க முன்பணம் இல்லாதவருக்கு அந்தத் திரைதான் கடை. அவர்களில் பலர் பெயர் சொல்லி, முகம் காட்டி, பழக்கத்தில் விற்கிறார்கள். சேலைக்காரரின் திண்ணை வியாபாரம் அது.

ஏமாந்தவர்களுக்கு ஒரு தகவல். எஸ்.எம். முகமது இத்ரிஸ் பல பத்தாண்டுகள் தலைமை தாங்கி வளர்த்த பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் இந்தத் தீவில்தான் இருக்கிறது, தமிழிலேயே முறையிடலாம். பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 5 ரிங்கிட் கட்டணத்தில், வழக்கறிஞர் இல்லாமல், 50,000 ரிங்கிட் வரையான கோரிக்கையைக் கொண்டுபோகலாம். இயங்கலையில் வாங்கியதற்கும் அது பொருந்தும். மின்வணிக விதிமுறைகளின்படி, விற்பவர் தன் பெயரையும் தொடர்பு விவரத்தையும் முழு விலையையும் காட்டியாக வேண்டும். பெயர் காட்டாதவரிடம் வாங்காதீர்கள். முகவரி இல்லாத ஆளை எந்த மன்றத்துக்கும் இழுக்க முடியாது.

மைக்கேல் ஆல்ட்ரிச் 2014ல் காலமானார். அவர் கருவியைக் கேட்ஸ்ஹெட் நகராட்சி எந்த வேலைக்கு வைத்ததோ, அந்த வேலை பாலிக் புலாவில் இன்னும் செய்யப்படாமல் கிடக்கிறது. பிள்ளைகள் பாயான் லெப்பாசிலும் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் இருக்க, மலையடி வீடுகளில் முழங்கால் வலியோடு தனியாக இருக்கும் பெற்றோர் நம்மிடையே எத்தனையோ பேர். அவர்களுக்கு அரிசியும் மருந்தும் எங்கோ உள்ள கிடங்கிலிருந்து மூன்று நாள் கழித்து வர வேண்டியதில்லை. ரவுண்டானாப் பக்கத்துக் கடையிலிருந்து அரை மணியில் வரலாம். சிங்கப்பூரின் பேநவ்வையும் நம் டுயிட்நவ்வையும் 2023 நவம்பரில் இணைத்துவிட்டார்கள். கைப்பேசி எண் இருந்தால் அங்கிருந்தே பணம் அனுப்பலாம்.

ஊர்க் கடைக்காரர்களிடம் என் வேண்டுகோள்: உங்கள் வாட்ஸ்அப் எண்ணைக் கடை வாசலில் பெரிதாக எழுதி வையுங்கள். வாரத்துக்கு இரண்டு நாளாவது மலைப்பக்க வீடுகளுக்கு ஒரு மோட்டார் சைக்கிளை அனுப்புங்கள். வெளியூரில் இருக்கும் பிள்ளைகளிடம் என் வேண்டுகோள்: அம்மாவுக்கு அடுத்த மாதச் சாமானை, அம்மாவைப் பெயர் சொல்லித் தெரிந்த அந்தக் கடையிலேயே ஆர்டர் செய்யுங்கள்.